பெயர்ப் பெரியப்பா

பிறந்த குழந்தைக்கென்று பெற்றோர் தேர்ந்து வைத்திருக்கும் பெயரைப் பற்றி, யாரும் கேளாமலே அபிப்பிராயம் சொல்லும் உறவினரைப் 'பெயர்ப் பெரியப்பா' என்று இக்கட்டுரை வழங்கும். அவர் முறைக்குப் பெரியப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாய்மாமனாகவோ, சித்தியாகவோ, ஓய்வு பெற்றுப் பொழுது போகாத அடுத்த வீட்டுத் தலைமையாசிரியராகவோ இருக்கலாம். எல்லாச் சமூகங்களிலும் காணப்படும் இவ்வினம், பாளையங்கோட்டைக்கும் நாசரேத்துக்கும் இடைப்பட்ட புராட்டஸ்தாந்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் தனிச் செழிப்போடு வளர்வதற்குக் காரணம், அங்கே பெயர் தேடுவோர் கையில் வேதாகமம் என்னும் ஆயத்தப் பெயரகராதி ஒன்று இருப்பதும், அதனைப் பெரியப்பா ஆதியாகமம் தொடங்கிப் பலமுறை வாசித்து முடித்திருப்பதுமே ஆகும்.

இத்தகைய வீடொன்றில், பெண்குழந்தைக்குத் 'தொற்காள்' என்று பெயரிடப் போவதாகத் தகப்பன் வாய்விட்டுவிடுகிறான் என்று கொள்வோம். தொற்காள் என்பவள் அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் வரும் யோப்பா பட்டணத்துச் சீஷி. விதவைகளுக்கு அங்கிகளும் வஸ்திரங்களும் செய்து கொடுத்தவள். நோயுற்று இறந்து, பேதுருவின் ஜெபத்தால் உயிர்பெற்று எழுந்தவள். தபீத்தாள் என்னும் அவளுடைய அரமேயப் பெயருக்கும், தொற்காள் என்னும் கிரேக்கப் பெயருக்கும் மான் என்பதே பொருள். ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் மாதர் சங்கங்கள் 19ஆம் நூற்றாண்டில் அவள் பெயரைத் தாங்கி நடந்தன. இவ்வளவும் பெரியப்பாவுக்குத் தெரியும், தெரிந்திருப்பதுதான் தொல்லை.

செய்தி கேட்டதும் அவர் தொட்டிலை நோக்கிக் குனிந்து, குழந்தையின் கன்னத்தை விரல்நுனியால் தொட்டு, நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டின் ஓரத்தால் துடைக்கத் தொடங்குவார். கண்ணாடி துடைக்கப்படுகிறது என்றால் பெயர் தேறவில்லை என்று பொருள்.

"நல்ல பேருதான் தம்பி. வேதத்துல உள்ள பேரு, குத்தம் சொல்லக்கூடாது. ஆனா…"

இந்த 'ஆனா'வுக்குப் பின் வரும் மௌனம், பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய காப்பியில் ஆடை படியும் வரை நீடிக்கும். அதன்பின் நடப்பதைப் பெயராராய்ச்சி என்பதைவிடக் குறுக்கு விசாரணை என்பதே பொருந்தும். முதலில் பொருள் கேட்கப்படும். மான் என்று பதில் வந்தவுடன், மனிதப் பிள்ளைக்கு மிருகத்தின் பெயர் எதற்கு என்பார். இந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால் வேதாகமத்துப் பெண்களில் பலர் வனவிலங்குச் சரணாலயத்துக்குப் போக வேண்டியிருக்கும்: ராகேல் பெண்ணாடு, தெபொராள் தேனீ, சிப்போராள் பறவை, யாகேல் வரையாடு. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்று எடுத்துச் சொன்னாலும் எடுபடாது. பெரியப்பாவின் சொந்தப் பெயர் காலேப் என்றிருந்து, அப்பெயர் நாயைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு தொடர்புடையது என்று அகராதிகள் கூறினாலும், அதை அவரிடம் எடுத்துரைக்கும் துணிவு குடும்பத்தில் எவருக்கும் இருப்பதில்லை.

அடுத்தது வாழ்க்கை வரலாறு. இந்தப் பகுதியில் பெரியப்பாவின் வேத ஞானம் பளிச்சிடும். ராகேல் பிரசவத்தில் இறந்தாள், லேயாளுக்குக் கண்பார்வை சரியில்லை, சாராள் தொண்ணூறு வயதுவரை பிள்ளைக்குக் காத்திருந்தாள், நகோமி கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தாள், மார்த்தாளோ வீட்டுக்கு ஆண்டவரே வந்திருந்தபோதும் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. தொற்காள் செத்தவள். "பிழைச்சு எழுந்திருச்சா, இல்லங்கல; ஆனா செத்தது செத்ததுதானவே?" என்னும் வாதத்துக்கு இறையியலில் விடை கிடைக்கலாம், பிரசவ அறையில் கிடைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'தொற்று' என்று கேலி செய்வார்கள் என்பது கொரோனாவுக்குப் பின் இப்பட்டியலில் புதிதாகச் சேர்ந்த கண்டனம். நேர்மையாகச் சொன்னால், அவர் கூறியவற்றுள் ஓரளவு வலுவுள்ளது இது ஒன்றுதான்.

விசாரணை இந்த இடத்தை எட்டும்போது, அதுவரை கண்மூடிப் படுத்திருந்த குழந்தையின் தாய் மெல்ல ஒரு வார்த்தை சொல்வாள்.

"இங்கிலீஷ்ல டார்கஸ்னுதான் எழுதப்போறோம் மாமா."

"டார்கஸா? அது ஸ்டைலா இருக்கே! அத முதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

கண்ணாடி மூக்குக்குத் திரும்பிவிடும். மானும் மரணமும் தொற்றும் ஒரே நொடியில் மறைந்துபோவது எப்படி என்பது ஆராயத்தக்கது. விடை வேதாகமத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. இன்றும் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு, பவர் ஐயர் (ஐயர் என்றால் அங்கே பாதிரியார்) தலைமையிலான குழுவின் உழைப்பால் 1871இல் முழுமையாக வெளிவந்தது. அதில் அயல்மொழிப் பெண்பெயர்கள் பலவும் 'ஆள்' என்னும் பெண்பால் விகுதியைச் சூடிக்கொண்டு, வள்ளியம்மாள், இசக்கியம்மாள் ஆகியோரோடு ஒரே திண்ணையில் உட்காரத் தகுதி பெற்றன. ரூத்தும் எஸ்தரும் அதற்குத் தப்பித்தவர்கள். இன்றும் அவர்கள் பழசாகவில்லை. ஆகவே பெரியப்பாவின் காதுக்குக் கிழடாகத் தோன்றுவது யோப்பா பட்டணமன்று, தமிழ் விகுதியே. ஐனிக்கேயாள் என்றால் முகம் சுளிப்பவர் யூனிஸ் என்றால் மலர்வார்; பெபேயாளுக்குத் தலையசைக்க மறுப்பவர் ஃபீபிக்குச் சாக்லேட் வாங்கி வருவார்; லோவிசாள் பாட்டி, லோயிஸ் பேத்தி. நாசரேத்தில் ரயிலேறி ஊர்திரும்புகிற ஒருவருக்கு வேதாகமப் பெயர் அந்நியமாகப் படுவதற்கு வேறு நியாயம் இல்லை.

வேதத்தில் உள்ள பெயராகவே வைக்க வேண்டும் என்ற விதியும் அவருக்கு வசதிப்பட்டபோது மட்டுமே நினைவுக்கு வரும். 1778இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம், அதாவது திருமுழுக்கு, பெற்றுத் திருநெல்வேலித் திருச்சபையின் தாயாக மதிக்கப்படும் பெண்மணியின் குளோரிந்தா என்னும் பெயர் வேதாகமத்தின் எந்த ஏட்டிலும் இல்லை. பெரியப்பா தம் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டும் மாற்றுப் பட்டியலிலுள்ள ஜெஷ்லின், ஷெரோலின், ஜெனிஷா ஆகியவையும் இல்லை. அவற்றின் பொருளை மட்டும் ஒருவரும் கேட்கக் கூடாது.

ஞானஸ்நானத்தன்று இவரே ஞானத்தகப்பனாக, அதாவது குழந்தையின் விசுவாச வளர்ப்புக்குச் சபையின்முன் பொறுப்பேற்பவராக, முன்வரிசையில் நிற்பார். தகப்பன் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததை ஐயர் "டார்கஸ்" என்று உரக்க வாசித்துத் தண்ணீர் தெளிக்கையில், தம் ஆலோசனை ஏற்கப்பட்டது என்ற நிறைவோடு பெரியப்பா சபையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். ஆராதனை முடிந்தபின், கோயில் பதிவேட்டைத் தமிழில் எழுதும் முதிய ஊழியர், தமக்குத் தெரிந்த ஒரே எழுத்துக்கூட்டலில் 'தொற்காள்' என்று அழுத்தமாக எழுதி, ஈரம் காய ஊதிவிட்டு, பேனாவை நீட்டுவார். பிரியாணியின் வாசம் பந்தலிலிருந்து வந்துகொண்டிருக்கும். பெரியப்பா கண்ணாடியைத் தேடிப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, அது இல்லாமலே, ஊழியர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் நீட்டி நெளித்துக் கையெழுத்துப் போடுவார்.