பவளத்துக்கு ஐஸ் வைக்கலாமா?

கேள்வி: வீட்டில் பவளத்தொட்டி வைத்திருக்கிறேன். மதியத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுகிறது. ஐஸ் கட்டி போடலாமா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: அது ரோஸ்மில்க் இல்லை ஐயா! 25, 26 டிகிரியில் ஒரே சீராக இருந்தால்தான் பவளத்துக்கு நிம்மதி. சூடு ஏறினால், தனக்குள் குடியிருந்து சாப்பாடு போடும் நுண்பாசிகளையே அது வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். (சமைத்துப்போடும் குடித்தனக்காரரை யாராவது துரத்துவார்களா?) மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடவிடுங்கள். மண்பானை வித்தைதான்: தண்ணீர் ஆவியாகும்போது சூடு இறங்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கும். உப்பில்லாத சுத்த நீரால் ஈடுகட்டுங்கள். கடல்நீர் ஊற்றினால் ஊறுகாய்! உங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு ஃபேன் போதாவிட்டால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிதான். அதை அலமாரிக்குள் பூட்டாதீர்கள்; அது கக்கும் சூடு தொட்டிக்கே திரும்பும்.