பல்பு மாற்ற மெக்கானிக் எதற்கு?

கேள்வி: பழைய மாருதி 800 வைத்திருக்கிறேன். பின்னால் வலதுபக்க லைட் எரியவில்லை என்று பெட்ரோல் பங்கில் ஒரு பையன் சொன்னான். எங்கள் எலக்ட்ரீஷியன் பொங்கல் கழித்துத்தான் கடை திறப்பாராம். இடதுபக்கம் எரிகிறது. அதுவரை ஓட்டலாமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: முதலில் அந்தப் பையனுக்கு நன்றி சொல்லுங்கள். காரில் இருக்கும் விளக்குகளிலேயே ஓட்டுகிறவர் கண்ணில் படாதது பின்விளக்குதான். முன்விளக்கு அணைந்தால் நமக்கு ரோடு தெரியாது, உடனே வண்டியை நிறுத்துவோம். பின்விளக்கு அணைந்தால் நமக்கு ஒரு குறையும் இல்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டே போவோம். குறை முழுவதும் பின்னால் வருகிறவருக்கு. அதனால்தான் இந்தப் பழுதைப் பொங்கல் வரை ஒத்திப்போடத் தோன்றுகிறது, அதனால்தான் ஒத்திப்போடவும் கூடாது. பல்பு மாற்றுவது மெக்கானிக் வேலை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். டயரில் காற்றுப் பார்ப்பது மாதிரி அது வண்டி ஓட்டுகிறவருடைய வேலை.

இடதுபக்கம் எரிகிறதே என்கிறீர்கள். இருட்டில் ஒற்றைச் சிவப்பு விளக்கைப் பார்க்கிறவர் அதைக் கார் என்று நினைக்க மாட்டார், இடது ஓரமாகப் போகும் பைக் என்றுதான் எடுத்துக்கொள்வார். பைக்கைத் தாண்ட எவ்வளவு ஒதுங்குவாரோ அவ்வளவே ஒதுங்குவார். உங்கள் வண்டியின் வலது பாதி அவர் கணக்கிலேயே இருக்காது. இரண்டில் ஒன்று போனால் பாதி ஆபத்து என்று நினைக்கிறோம். ஆனால் வலதுபக்க விளக்கு போன கார் சில சமயம் இரண்டும் போன காரைவிட மோசம். அது பின்னால் வருபவருக்குப் பொய்த் தகவல் தருகிறது.

சட்டமும் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆவது விதி, பின்னால் எரியும் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கிறது. அந்தத் தூரத்தின் அருமை கணக்குப் போட்டால் விளங்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறார். நீங்கள் டயர் பஞ்சராகிக் கடலூர்–பண்ருட்டி சாலையோரம் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். 155 மீட்டரில் உங்கள் விளக்கு அவர் கண்ணில் பட்டால் ஒன்பது நொடி அவகாசம் இருக்கிறது. விளக்கு இல்லையென்றால் அவருடைய டிப் வெளிச்சம் எட்டும் சுமார் 50 மீட்டருக்குள் வந்த பிறகுதான் உங்களைப் பார்ப்பார். கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை நொடியில் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோட்டில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும், அதாவது மயிரிழையில் தப்பிப்பீர்கள். மழை பெய்து ரோடு வழுக்கினால் 35 மீட்டருக்கும் மேல் வேண்டும். அப்போது கணக்கு உங்களுக்குச் சாதகமாக இல்லை.

பகலில் மட்டும் ஓட்டிக்கொள்ளலாமே என்றும் தோன்றும். பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்புக்குள் இருக்கின்றன. கடையில் டபுள் காண்டாக்ட் என்று கேட்டு வாங்கும் பல்பு அதுதான். அதில் 5 வாட் இழை ஒன்று இரவெல்லாம் எரிய, 21 வாட் இழை ஒன்று பிரேக் மிதிக்கும்போது மட்டும் எரிய. எந்த இழை அறுந்தது என்று பார்க்காமல் பகல் ஓட்டமும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. இன்று மாலை வண்டியைச் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி, லைட்டைப் போட்டு, பிரேக்கை மிதியுங்கள். சுவரில் விழும் சிவப்பே சொல்லிவிடும்.

கேள்வி: எனக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கவே தெரியாது. கரண்ட் சமாச்சாரத்தில் கை வைக்கச் சொல்கிறீர்களே, ஷாக் அடித்தால்?
— வாசகர், பண்ருட்டி

பதில்: 12 வோல்ட் பேட்டரி பல்பு ஹோல்டரில் ஷாக் அடிக்காது. சாவியை எடுத்துவிட்டு, லைட் ஸ்விட்சை அணைத்துவிட்டால் ப்யூஸ் போகும் பயமும் இல்லை. எரிந்துகொண்டிருந்த பல்பு கையைச் சுடும், அதனால் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். சில வண்டிகளில் சிவப்புக் கண்ணாடியை வெளியிலிருந்தே ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் கழற்றலாம். சிலவற்றில் டிக்கியைத் திறந்து, உள்ளிருந்து ஹோல்டரைத் திருகி எடுக்க வேண்டும். பல்பை லேசாக உள்ளே அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும். அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பித்தளை அடிப்பாகத்தின் பக்கவாட்டில் இரண்டு சின்ன முனைகள் இருக்கும், ஒன்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. அடியில் ஈயப் பொட்டு இரண்டு. முனைகள் உயரம் மாறி இருப்பதால் புதிய பல்பு ஒரே ஒரு விதமாகத்தான் உள்ளே போகும். போகவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், அரைச் சுற்றுத் திருப்பி வையுங்கள். முதல்முறை செய்பவர் தப்புப் பண்ணக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

கழற்றிய பல்பைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி கறுத்திருந்தால் டங்ஸ்டன் இழை ஆவியாகித் தேய்ந்து வயதாகி முடிந்திருக்கிறது, கவலை வேண்டாம். உள்ளே வெள்ளையாகப் புகை படிந்திருந்தால் கண்ணாடிக்குள் காற்று புகுந்திருக்கிறது, அது அந்தப் பல்பின் குற்றம். கண்ணாடி தெளிவாக இருக்க, இழையும் முழுசாக இருந்தால் பல்பு நல்ல பல்பு. பழுது வேறெங்கோ இருக்கிறது.

அந்த வேறெங்கோ நம் பக்கத்தில் பெரும்பாலும் ஹோல்டரும் எர்த்தும்தான். கடற்காற்று எட்டும் மாவட்டம், ஐப்பசி கார்த்திகையில் விடாத மழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருகியபோது தண்ணீரில் நின்ற வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேயுங்கள். வண்டியின் உடம்போடு எர்த் வயர் சேரும் இடத்தையும் அப்படியே தேயுங்கள். பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டரும் கூடவே மங்கலாக எரிகிறதா? எர்த் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பத்துப் பல்பு மாற்றினாலும் பயனில்லை. கண்ணாடியைத் திரும்ப மூட்டும்போது அதன் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். முதலில் தண்ணீர் உள்ளே போன வழி அதுதான்.

கேள்வி: எல்லோரும் இப்படித் தாங்களே செய்துகொண்டால் பத்துக்குப் பத்து கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்?
— வாசகர், கடலூர்

பதில்: நியாயமான கவலை. ஆனால் அவருடைய தொழில் பல்பு திருகுவதில் இல்லை, நமக்குத் தெரியாததைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு பல்பு போகிறது என்றால் அவரிடம்தான் போக வேண்டும். மின்னழுத்தம் ஐந்து சதவீதம் கூடினாலே இழை பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டியது 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அதை அவர் மீட்டர் வைத்துச் சொல்வார், அந்த வேலைக்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவரிடம் கேட்கக் கூடாதது ஒன்று உண்டு. ஹெட்லைட்டுக்கு 60/55 வாட் எச்4 பல்பை எடுத்துவிட்டு 100/90 போடச் சொல்லாதீர்கள். 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் ஓடிய பழைய வயரில் 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஹோல்டர் உருகும், எதிரே வருபவர் கண் கூசும். எச்4 பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடவும் வேண்டாம். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும்.

எல்.இ.டி. போட்டுவிட்டால் தொல்லை தீராதா என்று பலரும் கேட்கிறார்கள். பழைய விளக்கின் பிரதிபலிப்பான், இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. வேறு இடத்திலிருந்து ஒளி புறப்பட்டால் அது சிதறும். அந்தந்த விளக்குக்கு உரிய பல்பையே போடுங்கள். புதிய கார்களில் பல்பு தனியாக வராத எல்.இ.டி. விளக்குகள் நிறைய, பழுதானால் மொத்த விளக்கையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒரு சின்ன பல்போடு வேலை முடிகிற வசதி பழைய கார்க்காரருக்குத்தான் மிஞ்சியிருக்கிறது.

கேள்வி: கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் போகிறது. அதை விட்டுவிட்டு எங்கள் காரைப் பிடித்துக்கொண்டீர்களே?
— வாசகர், சிதம்பரம்

பதில்: விடவில்லை. மேலே போட்ட கணக்கு டிரெய்லருக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். அது மெதுவாகப் போகிறது, கரும்புத் தோகை பின்னால் நீட்டிக்கொண்டு விளக்கையும் மறைக்கிறது, மார்கழி தை மாதப் பனியில்தான் அரவையும் மும்முரம். ஆனால் அதை முட்டாமல் நிறுத்தும் உங்கள் காரின் பிரேக் லைட் எரியாவிட்டால், உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்களை முட்டுவார். டிரெய்லர்காரர் விளக்குப் போடாதது நமக்கு விலக்கு ஆகாது. 15 ஆண்டு கடந்த காரைப் பதிவு புதுப்பிக்கும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விளக்கைச் சோதிப்பார்கள், ஆனால் அது ஐந்தாண்டுக்கு ஒரு முறை. பல்பு எந்த இரவிலும் போகலாம். அதனால் பிரேக்குக்கு ஒன்று, இண்டிகேட்டருக்கு ஒன்று என்று உதிரி பல்பும் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் டேஷ்போர்டு பெட்டியில் இன்றே வாங்கி வையுங்கள். டிரெய்லர்களைப் பொறுத்தவரை, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு ஒரு வேண்டுகோள்: கரும்பு இறக்கிய வண்டி வெளியே போகும் வாசலில் பின்விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஓர் ஆளையும், எரியாத வண்டிக்குக் கொடுக்க ஒரு பெட்டி பல்பையும் அடுத்த அரவைக்குள் ஏற்பாடு செய்யுங்கள்.