சந்தேகத்துக்குக் கூடுதல் கட்டணம்

பெறுநர்: விளம்பரப் பிரிவு, மெட்டா நிறுவனம், மென்லோ பார்க், கலிபோர்னியா.

பொருள்: கிரிப்டோ விளம்பரதாரர்கள்மீது தாங்கள் காட்டும் கருணைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

பட்ஜெட் உரையில் நாங்கள் பார்த்தறியாத தாராளத்தை உங்கள் முகநூலில்தான் பார்த்தோம். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முதலீட்டுத் தளம் ஒன்றுக்கு ஆள் சேர்த்தார். இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியும் தம் பங்குக்கு ஒரு தளத்தைப் பரிந்துரைத்தார். இருவரும் அப்படிப் பேசவே இல்லை, காணொளிகள் போலி என்பது சின்ன விஷயம்.

தங்கள் அறவுணர்வை ராய்ட்டர்ஸ் 2025 நவம்பரில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மோசடி, தடைசெய்யப்பட்ட பொருள் விளம்பரங்களால் 2024 வருமானத்தில் சுமார் 10 விழுக்காடு, அதாவது 1,600 கோடி டாலர் வரும் என்று உங்கள் உள் ஆவணங்களே கணித்திருந்தனவாம். அது தோராயமான, மிகைப்பட்ட கணக்கு என்றீர்கள். என்ன அடக்கம்! விளம்பரதாரர் மோசடிக்காரர்தான் என்று 95 விழுக்காடு உறுதியானால்தான் தடை என்றும் அந்த ஆவணங்கள் கூறினவாம். அதற்குக் கீழே வெறும் சந்தேகமென்றால், அபராதமாகக் கூடுதல் கட்டணம். கன்னம் வைக்க வந்தவனிடம் ஏணி வாடகையை ஏற்றிக் கேட்பதும் ஒரு தண்டனைதானே!

அடுத்த கட்டமும் உங்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. விளம்பரத்தைத் தொட்டால் உங்கள் வாட்ஸ்அப்பிலேயே ஒரு குழு. "சார், இன்னிக்கு நாற்பதாயிரம் வந்துடுச்சு!" என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே கூட்டாளிகள். நம்பிக்கை பிறக்க, முதலில் சிறு தொகையை எடுக்க விடுவார்கள். பிறகு பெருந்தொகை யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயமாக மாறி அவர்கள் வாலட்டுக்குப் போகும். போலிச் செயலியில் எண் மட்டும் ஏறும். பணத்தைக் கேட்டால், "முதலில் 30 விழுக்காடு வரி கட்டுங்கள்" என்பார்கள். கிரிப்டோ லாபத்துக்கு அந்த வரி இங்கே 2022 ஏப்ரல் முதல் இருப்பது உண்மை. ஆனால் அதை வருமான வரித் துறைக்குத்தான் கட்டுவோம், குழு அட்மினுக்கு அல்ல. அழுது ஓய்ந்த பிறகு, "இழந்ததை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கொஞ்சம்தான்" என்று இன்னொருவர் வருவார். அவரும் அதே தொழில்தான்.

பழியெல்லாம் உங்களுக்கே என்று சொல்லமாட்டேன். 2020 ஜூலையில் ட்விட்டரில் ஒபாமா, பில் கேட்ஸ் கணக்குகளே பிட்காயினை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லின. 2021 டிசம்பரில் பிரதமர் மோடியின் கணக்கு, இந்தியா பிட்காயினைச் சட்டபூர்வமாக ஏற்றுவிட்டதாக அறிவித்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் சேனலில் வழக்கு விசாரணைக்குப் பதில் எக்ஸ்ஆர்பி நாணயக் காணொளி ஓடியது. எல்லாம் ஊடுருவப்பட்ட கணக்குகள். நீலக் குறியை நம்பிப் பணம் போடலாம் என்போருக்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

தங்களிடம் ஒரே விண்ணப்பம்: சந்தேகம் வந்த அன்றே விளம்பரத்தை நிறுத்துங்கள், கட்டணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வருமானத்தில் ஒரு துளியாக விரும்பாத பயனர்.

பி.கு. (வாசகர்களுக்கு): பதில் வரும்வரை நம் காவல் நம்மிடமே. உறுதியான லாபம் என்று யார் சொன்னாலும், நிதியமைச்சர் முகத்தோடு சொன்னாலும், விலகுங்கள். தெரியாதவர் சேர்த்த குழுவிலிருந்து வெளியேறுங்கள். இந்தியாவில் இயங்கும் கிரிப்டோ தளம் மத்திய நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு பெற்றிருக்க வேண்டும், அதைப் பாருங்கள். ஆனால் பதிவு லாபத்துக்கு உத்தரவாதமல்ல. பணத்தை எடுக்கப் பணம் கேட்டால் அது மோசடி, ஒரு ரூபாயும் தராதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு நேரத்தை வீணாக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.