சித்திரகுப்தனின் வகுத்தல் கணக்கு

கே: கொரோனாவில் 99 சதவீதம் பேர் பிழைத்துவிட்டார்கள். அதற்கா அத்தனை ஆர்ப்பாட்டம்?
(மளிகைக்கடைக்காரர், பனமலை)

ப: விழுப்புரம் மாவட்டத்தில் சுமார் 20 லட்சம் பேர். எல்லோருக்கும் தொற்றி, மிச்ச 1 சதவீதம் போயிருந்தால் 20 ஆயிரம். திண்டிவனம் நகரில் கால்வாசிக்கு மேல் காலி. உம்ம கடன் நோட்டில் எத்தனை பக்கம் வசூலாகாது என்று புரட்டிப் பாரும்.

கே: தமிழ்நாட்டில் இறப்பு விகிதம்தான் எவ்வளவு? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.
(கல்லூரி மாணவி, திண்டிவனம்)

ப: ஒரே எண் வேண்டுமானால் ஜோசியரிடம் போம்மா. என்னிடம் இரண்டு இருக்கிறது.

2020 நவம்பர் முடிவில் அரசுக் கணக்கில் தொற்று சுமார் 7.8 லட்சம், இறப்பு 11,700 சொச்சம். வகுத்தால் 1.5 சதவீதம். அந்த அக்டோபர், நவம்பரில் மாநிலம் முழுக்க ரத்தம் எடுத்து நோய் எதிர்ப்பொருளைத் தேடினார்கள். பத்தில் மூன்று பேருக்கு மேல் சத்தமில்லாமல் வந்து போயிருந்தது. பெரம்பலூரில் பாதிப் பேருக்கு. மொத்தம் 2 கோடியைத் தாண்டும். அதே இறப்பை இதால் வகுத்தால் 0.05 சதவீதம்தான்!

செத்தவர்களில் ஒருவர்கூட எழுந்து வரவில்லை. விகிதம் மட்டும் கிட்டத்தட்ட 30 மடங்கு இறங்கிவிட்டது. இனி யார் சதவீதம் சொன்னாலும் 'கோட்டுக்குக் கீழே யாரை நிறுத்தினீர்கள்?' என்று கேள்.

கே: அப்போ 0.05தான் நிஜம். வெறும் ஜலதோஷம்!
(மேற்படி மாணவியின் அண்ணன்)

ப: தங்கை கீழே பார்த்தாள். தம்பி, நீ கொஞ்சம் மேலே பார். சென்னையில் விட்டுப்போன 444 மரணங்களை 2020 ஜூலை 22 அன்று ஒரே மூச்சில் கணக்கில் ஏற்றினார்கள். குஜராத்தில் அரசு சொன்ன இறப்பு 10 ஆயிரம் சொச்சம். இறந்தவர் குடும்பத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் நிவாரணம் என்றதும் வந்த மனுக்கள் 89 ஆயிரத்துக்கு மேல்.

இந்தியா முழுமைக்கும் 2020, 2021 இரண்டாண்டில் அரசுக் கணக்கு சுமார் 4.8 லட்சம். 'வழக்கத்தைவிடக் கூடுதலாக எத்தனை சாவு?' என்று கணித்த உலக சுகாதார நிறுவனம் 47 லட்சம் என்றது. தில்லி ஏற்கவில்லை. சுடுகாட்டு ரசீதுகளை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

கே: குணமானவர் விகிதம் தினமும் ஏறியதே, சாதனைதானே?
(ஓய்வுபெற்ற எழுத்தர், விக்கிரவாண்டி)

ப: நோயாளி ஒன்று வீட்டுக்கு, இல்லையேல் காட்டுக்கு. ஆயுசு முழுக்க முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே இருக்க முடியாது. சாதனையில் பாதி நாள்காட்டியுடையது.

கே: அலை உச்சத்தில் இருந்தபோது இறப்பு விகிதம் குறைவாகத் தெரிந்தது எப்படி?
(ஆசிரியை, மயிலம்)

ப: எமன் வருவது எருமையில், டீச்சர். தமிழ்நாட்டில் 2021இல் தொற்று உச்சம் மே 21, ஒரே நாளில் 36,184. மரண உச்சம் மே 30, 493 பேர். இன்றைய சாவை இன்றைய தொற்றால் வகுப்பவர், போன வாரத்து நோயாளியை மறந்தவர்.

கே: கோயம்பேட்டிலிருந்து வந்த பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?
(விவசாயி, செஞ்சி)

ப: 2020 மே 5 அன்று சென்னை கோயம்பேடு சந்தையை மூடினார்கள். விழுப்புரம், கடலூர், அரியலூர் என்று அவரவர் ஊருக்கு மூட்டையோடு தொற்றும் வந்து இறங்கியது. மூட்டை தூக்குகிறவனுக்கு வயது இருபத்தைந்து. அவன் வீட்டுத் திண்ணையில் இருக்கும் ஆயாவுக்கு எழுபத்தைந்து. சராசரி என்பது இருவருக்கும் பொருந்தாத சட்டை.

கே: எங்கள் பெரியப்பா கபசுரக் குடிநீர் மட்டுமே குடித்துப் பிழைத்தார். இதற்கு என்ன சொல்கிறீர்?
(அனந்தபுரம் வாசகர்)

ப: பக்கத்தில்தான் பனமலை, ஒரு நடை போய்வாரும். ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் சுவரில் குடைக்குக் கீழே ஒயிலாக நிற்கிறாள் பார்வதி. சுற்றியிருந்த வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. அதற்காகப் பல்லவன் அவளை மட்டுமே வரைந்தான் என்பீரா? குடித்தும் போனவர்கள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை ஐயா.

கே: கொரோனாவா, வெறிநாய்க்கடியா? எது பயங்கரம்?
(பள்ளி மாணவன், மரக்காணம்)

ப: வெறிநோய் முற்றினால் சாவு கிட்டத்தட்ட 100க்கு 100. ஆனால் கடிபட்டவர் பஸ்ஸில் தும்மி ஐம்பது பேருக்குக் கொடுப்பதில்லை. கொரோனா சதவீதத்தில் கஞ்சன், விநியோகத்தில் வள்ளல். நாய் கடித்தால் சதவீதம் பார்த்துக்கொண்டிருக்காதே. புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவு, அன்றே ஊசி போடு. தள்ளிப்போட்டால் உன் கணக்கை வேறொருவர் எழுதுவார்.