கண்ணாடி பிடிங்க சார்

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் பாட்டுக் கேட்கப் போனால் முதலில் காபி வராது, முகம் பார்க்கும் கண்ணாடி வரும். "சார், சுவத்தோட ஒட்டி வச்சு அப்படியே மெதுவா நகத்துங்க" என்று நம் கையில் கொடுத்துவிட்டு அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து பார்த்து, கண்ணாடியில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கேதான் சத்தம் பட்டுத் தெறிக்கிறதாம். அங்கே ராக்வூல் பலகை மாட்ட வேண்டுமாம். விஷயம் சரிதான். ஆனால் உட்கார்ந்தவர் காது உயரத்துக்குக் கண்ணாடியைப் பிடிக்க நாம் குத்துக்காலிட்டு நகர வேண்டும். "இன்னும் ரெண்டு இஞ்ச்... போதும்... ஐயோ, தாண்டிட்டீங்களே!" கேஸ் போட வந்தவர் பிடித்திருக்கிறார், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா பிடித்திருக்கிறார். அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை.

அவருடைய ஹால் 'எல்' வடிவம். இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே சுவர். வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசை, அதைத் தாண்டினால் அடுப்படி. இந்தப் பக்கச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வர, அந்தப் பக்கச் சத்தம் சாம்பார் வாசனையோடு போய்விடுகிறது. நட்டநடுவில் நின்று பாட வேண்டிய ஜேசுதாஸ் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறாராம். சரி, இல்லாத சுவரில் கண்ணாடியை எங்கே வைப்பது? படுக்கையறை இரும்பு பீரோவை வலப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். பாஸ் கிடார் இறங்கும்போதெல்லாம் சாவிக்கொத்து தாளம் போட்டது. "ஏங்க, புடவை எடுக்கணும்னா உங்க பாட்டை நிறுத்தணுமா?" என்று அம்மாள் கேட்டதோடு பீரோ திரும்பிப் போனது.

முட்டை அட்டை ஒட்டினால் போதாதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாஸை அது துளியும் உறிஞ்சாது என்பதை விளக்கி முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விடும்.

ஆனால் மனிதருக்குக் காது உண்டு. எப்போதும் இளையராஜாவின் 'ப்ரியா' படப் பாட்டுதான் போடுவார். 1978-லேயே ஸ்டீரியோவில் பதிவான பாடல்கள். ஒரு நாள் இடது ஸ்பீக்கரைச் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி, முகத்தைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வைத்தார். ஜேசுதாஸ் நடுவுக்கு வந்தே விட்டார். எனக்குப் புல்லரித்தது. உடனே பாட்டை நிறுத்தி, "கேட்டீங்களா? இப்ப இன்னும் அரை இஞ்ச்" என்று எழுந்துவிட்டார்.

இதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த வீட்டில் எந்தப் பாட்டும் பல்லவியைத் தாண்டியதில்லை. ஐயா, ராஜா அதற்குச் சரணமும் போட்டிருக்கிறார். ஒரு நாளாவது அதையும் ஓட விடுங்கள்.