புல் தரிசன யாத்திரை

செமினியை அடுத்த புரோகா மலை ஏறக்குறைய 400 மீட்டர் உயரமே உடையதென்று அலட்சியமாகப் பேசும் அற்பப் பிரகிருதிகள், பிரிக்பீல்ட்ஸ் நண்பர்கள் அதன்மீது ஏறுவதன் பொருட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்கடையில் வாரந்தோறும் கூடி நடத்திவரும் ஆலோசனையை ஒருமுறையேனும் பார்த்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பார்கள். இமயத்துக்கே போதுமான பாதரட்சைகள், இதயத் துடிப்பை எண்ணும் கடிகாரங்கள், விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கப்படாத ஊன்றுகோல்கள் யாவும் சித்தம். சூரியோதயத்தில் எவர் எந்தப் பாறைமீது நின்று படம் எடுத்துக்கொள்வது என்பதிலும் வாக்கெடுப்பு முடிந்தது. தண்ணீர் யார் கொண்டுவருவது என்பது மட்டும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.

யாத்திரையின் பிரதான லட்சியம், அங்கே காற்றில் அசையும் லாலாங் புல். ரப்பர்த் தோட்டத்தில் நம் பாட்டிமார்கள் நாட்கூலிக்கு முதுகொடிய வெட்டி ஒழிக்கப் பாடுபட்ட அதே புல்லை, பேரப்பிள்ளைகள் கிள்ளானிலிருந்து டோல் கட்டி வந்து தரிசிப்பதை வம்சத்தின் அபிவிருத்தி என்னாமல் வேறென்ன என்பது?

இதற்கிடையே பொருளாளர் ஓர் அரிய உண்மையைக் கண்டுபிடித்தார்: இரட்டைக் கோபுரம் 452 மீட்டர், மலையைவிட உயரம், மின்தூக்கியும் குளிர்சாதனமும் உண்டு. யாத்திரை ஏகமனதாக அங்கே மாற்றப்பட்டது. பொதுஜனங்களுக்கு 86-ஆவது மாடிவரைதான் அனுமதி என்பதால், எஞ்சிய உயரத்தை மானசீகமாக ஏறுவதென்றும், ஊன்றுகோல்களை அவசியம் கொண்டுவருவதென்றும் தீர்மானம். புல்லுக்குத்தான் இன்னும் ஏற்பாடு ஆகவில்லை. அதற்கு ஓர் உபகமிட்டி அமைத்திருக்கிறார்கள்.