ஸ்டிக்கர் சாமி

லேப்டாப்பின் அடிப்பக்கம் ஒரு ஸ்க்ரூ. அதன் தலைமேல் சுண்டுவிரல் நகமளவு ஸ்டிக்கர்: கிழிந்தால் வாரண்டி செல்லாது. மூடிக்கு உள்ளே இருப்பது கருவறை. காசு போட்டு வாங்கியவர் வாசலோடு நிற்க வேண்டும். உள்ளே நுழையும் உரிமை கம்பெனி நியமித்த அர்ச்சகர்களுக்கு மட்டும். தட்சணை தனி.

மெஷின் திணறுகிறதே என்று ஒருவர் சென்னை ரிச்சி தெருவில் இன்னொரு ராமும் ஒரு எஸ்எஸ்டியும் போடுகிறார். ஓடாத மெஷின் ஓடுகிறது. அதுதான் குற்றம். பிறகு, வாரண்டி பாக்கியிருக்கிறது என்று சொல்லி விற்கிறார். வாங்கியவருக்கு கீபோர்டில் நாலு எழுத்து விழவில்லை. சர்வீஸ் சென்டரில் பையன் டார்ச் அடித்துப் பார்க்கிறான். "வெளியில ஓப்பன் பண்ணியிருக்கீங்க சார், ரிஜெக்ட்." ராமுக்கும் கீபோர்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? அதைக் கேட்கக் கூடாது. ஸ்டிக்கர் சாமி குத்தம்! விற்றவர் மோசடிக்காரர் ஆகிறார், வாங்கியவர் ஏமாளி ஆகிறார், கம்பெனி மட்டும் உத்தமன்.

கழற்றும்போது கை தவறி நாமே எதையாவது உடைத்தால் அந்தச் செலவு நம்முடையது. அதில் எனக்கு வழக்கில்லை. தொடாத பாகத்துக்கும் சேர்த்துக் கையை விரிப்பதற்குப் பெயர் என்ன?

கம்பெனியே மாற்றினாலாவது நிம்மதி உண்டா? மதர்போர்டை மாற்றிய டெக்னீஷியன் சீரியல் நம்பரை பயாஸில் ஏற்ற மறந்துவிட்டுப் போவார். விற்கப் போகும் நாளில் அந்த இடம் காலியாக இருக்கும். வாங்க வந்தவர் நம்மை மேலும் கீழும் பார்த்து, "திருட்டு மாலா?" என்பார். கழற்றிய போர்டு கம்பெனிக்குச் சொந்தமாம். அவமானம் மட்டும் நமக்கு.

அமெரிக்காவில் 1975-லேயே சட்டம் போட்டார்கள்: வெளிப் பாகம் போட்டார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்கக் கூடாது, அதனால்தான் பழுது என்றால் கம்பெனி நிரூபிக்கட்டும். 2018-இல் அங்குள்ள வர்த்தக ஆணையம் அசுஸ், சோனி, மைக்ரோசாப்ட் உட்பட ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் ஊரில்? 2022-இல் கமிட்டி போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளமும் திறந்தார்கள். அதில் கம்பெனிகளின் சர்வீஸ் விவரம் கிடைக்கும், அதாவது அதே அர்ச்சகரின் விலாசம். சட்டத்தை மட்டும் காணோம்.

ஆகவே விற்கிறவர்களே, கழற்றிய பழைய ராமைத் தூக்கிப் போடாதீர்கள், மெஷினோடு கொடுங்கள். எதை மாற்றினீர்கள் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். புது எஸ்எஸ்டிக்கு அதைச் செய்த கம்பெனியின் தனி வாரண்டி உண்டு. அந்த பில்லையும் கொடுங்கள். சில கம்பெனிகளில் உரிமையாளர் பெயரையும் மாற்றிப் பதிய வேண்டும். வாங்குகிறவர்களே, ரிஜெக்ட் என்றால் வாயடைத்துத் திரும்பாதீர்கள். எந்த மாற்றத்தால் எந்தப் பழுது வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள். அங்கேயே நின்று 1915-க்கு அடியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.